பத்தொன்பது கையெழுத்து

கட்டடக் கம்பெனியில் அவளை எல்லோரும் எஸ்டிமேட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வரைபடத்தை விரித்து வைத்தால் போதும், எத்தனை டன் கம்பி, எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை கதவுக் கைப்பிடி என்று போட்டுக் கொடுத்துவிடுவாள். அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் ஒரு காலத்தில் இருந்தது, இப்போது இல்லை. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருந்தவன் பஸ் ஓட்டும் தம்பி ஒருவன்தான்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் முதலாளி அவளைக் கூப்பிட்டு ஒரு காகிதக் கட்டை மேஜையின் மேல் அவள் பக்கம் தள்ளினார். பத்தொன்பது விற்பனை ஒப்பந்தங்கள். மேலே இருந்தது ஒன்பதாவது மாடி, நாலாவது வீடு. வாங்குபவர் என்ற இடத்தில் அவள் பெயரே அச்சாகியிருந்தது. அவள் எந்த வீட்டையும் வாங்கவில்லை.

பத்தொன்பது என்ற எண்ணைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. கம்பெனி எழுப்பவிருந்தது இருபது மாடி, மாடிக்கு ஐந்து வீடு, ஆக நூறு வீடு. எழுபது வீட்டுக்கு ஒப்பந்தம் கையில் இருந்தால்தான் கடன் தருவேன் என்று வங்கி எழுதிக் கொடுத்திருந்தது. ஒன்றரை வருஷமாக விளம்பரம் செய்து, மாதிரி வீடு கட்டி, அதில் பூச்சாடி வைத்து, விற்றது ஐம்பத்தொன்று. அதற்கு மேல் ஒரு வீடு நகரவில்லை. வட்டி ஏறிப்போய்விட்டது. இரண்டு வருஷம் முன்னால் வரிசையில் நின்றவர்கள் இப்போது பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விடுகிறார்கள்.

ஏன் நகரவில்லை என்பதை அக்கா ஆறு மாதத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள். ஊரெல்லாம் போட்டி போட்டு நிலம் வாங்கிய நேரத்தில் இவர்களும் உச்ச விலைக்கு வாங்கிப் போட்டார்கள். அந்த நிலத்துக்கு வாங்கிய கடனுக்கு மாதாமாதம் வட்டி ஓடுகிறது. கம்பி விலை ஏறிவிட்டது, அனுமதிக் கட்டணம் இரட்டித்துவிட்டது. எல்லாவற்றையும் கூட்டி வீட்டின் தலையில் வைத்தால், அந்த விலையைக் கொடுக்கக்கூடியவர்களுக்கு ஏற்கெனவே வீடு இருக்கிறது. வீடு இல்லாதவர்களால் அந்த விலையைக் கொடுக்க முடியாது. ஐந்தில் ஒரு பங்கு விலையைக் குறையுங்கள், லாபம் இருக்காது, ஆனால் கட்டடம் எழும்பிவிடும் என்று அவள் எழுதியிருந்தாள்.

அந்தக் காகிதத்தை முதலாளியின் மச்சினன் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். விற்பனைப் பிரிவு அவன் கையில்தான். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் மச்சான் என்று அலுவலகம் முழுக்க அவனோடு உறவு கொண்டாடியது. விலையைக் குறைத்தால் ஏற்கெனவே வாங்கிய ஐம்பத்தொரு பேரும் எங்களுக்கும் குறை என்று வந்து நிற்பார்கள், வங்கியும் கட்டடத்தின் மதிப்பைக் குறைத்துக் கடனைக் கத்தரித்துவிடும் என்றான் அவன். ஆகவே விலை அப்படியே நின்றது. அதற்குப் பதில் சமையலறை அலமாரி இலவசம், இரண்டு வருஷப் பராமரிப்பு இலவசம் என்று விளம்பரப் பலகை மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை மாறியது.

இப்போது இந்தப் பத்தொன்பது. முதலாளி கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. ஏதோ விடுமுறைப் பட்டியலைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார். ஆளுக்கொரு கையெழுத்து, வெறும் காகிதம். முன்பணத்தைக் கம்பெனியே ஒவ்வொருவர் கணக்கிலும் காலையில் போட்டுச் சாயங்காலம் எடுத்துக்கொள்ளும். கடன் வந்து கட்டடம் எழும்பினால் நிஜமான ஆட்கள் தானாக வருவார்கள். அப்போது இதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடலாம். டிரைவர் போட்டாயிற்று, மேஸ்திரி போட்டாயிற்று, அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் ஆயாம்மாகூடப் பன்னிரண்டாவது மாடி முதல் வீட்டுக்குப் போட்டாயிற்று.

"என்னால முடியாது சார்," என்றாள் அக்கா. "மாசாமாசம் எவ்வளவு வேலை முடிஞ்சுதுன்னு வங்கிக்கு எழுதிக் கொடுக்கப் போறதே நான்தான். என் லைசென்ஸ்லதான் அது போகணும்."

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் தம்பி ஏழாவது மாடியில எடுத்திருக்கான்ல?"

அவள் காகிதக் கட்டை அவர் பக்கமே தள்ளினாள்.

"நீதானேம்மா கூட்டிட்டு வந்தே. கடன் வரலைன்னா குழி தோண்டினதோட நிக்கும். அவன் கொடுத்த முன்பணம் அந்தக் குழியிலதான் கிடக்கு. யோசிச்சுக்கோ."

தம்பியை அவள்தான் கூட்டிவந்தாள். அவனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தார்கள். பெரியவள் சமையல் மேடையில் புத்தகத்தை வைத்து நின்றுகொண்டே படிப்பாள். ஊழியரின் குடும்பத்துக்குச் சலுகை உண்டு என்று கேள்விப்பட்டதும், பேசி முடித்து, பத்து வருஷச் சேமிப்பை அவன் கையிலிருந்து வாங்கி மச்சான் கையில் கொடுத்தவள் அவளே. மீதிக்கு அவன் அதே வங்கியில் கடன் எடுத்தான்.

அவள் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டாள். அதைத் தவிர அவளால் அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் தேய்த்தாள்.

கடன் வந்தது. கிரேன் வந்தது. பதினைந்து மாதத்தில் பதினாலு மாடி எழும்பியது. தம்பி ஓட்டும் பஸ்ஸின் தடம் அந்த வழியாகத்தான். ஒவ்வொரு தடவையும் ஏழாவது மாடியைப் பார்த்துவிட்டுப் போவதாகச் சொல்வான். நிஜமான ஆட்கள் மட்டும் வரவில்லை. பக்கத்துத் தெருவில் இன்னொரு கம்பெனி மூன்று கட்டடத்தைப் பாதியில் விட்டது, ஊருக்கே பயம் பிடித்துக்கொண்டது. வட்டிக்கு வாங்கி வட்டி கட்டிக்கொண்டிருந்த முதலாளி ஒரு மாதம் தவறினார், அப்புறம் இரண்டு மாதம். வங்கி தன் அதிகாரி ஒருவரை அனுப்பிக் கட்டடத்தையும் கணக்குகளையும் எடுத்துக்கொண்டது. மீதி வேலை அதன் கண்காணிப்பில் நடந்தது. அந்த அதிகாரிக்குப் பத்தொன்பது பேரைத் தெரியாது. ஒப்பந்தம் இருக்கிறது, தவணை வரவில்லை, அவ்வளவுதான் தெரியும். பத்தொன்பது பேருக்கும் நோட்டீஸ் போயிற்று.

ஆயாம்மா நோட்டீஸை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். ஐம்பத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு, யாருக்கும் பயப்படாத வாய். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லச் சொன்னாள். அக்கா படித்தாள். தவணையை முப்பது நாளில் கட்ட வேண்டும். தவறினால் வீடு வேறு ஒருவருக்கு விற்கப்படும். குறைந்த விலைக்குப் போனால் அந்த வித்தியாசத்தை இவள் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்று ஆயாம்மா கேட்டாள். அக்கா மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். ஆயாம்மாவின் சம்பளத்தை அப்படியே ஒரு காசு தொடாமல் கொடுத்தால் இருபத்திரண்டு வருஷம் ஆகும். தவணை மட்டும் அது. வித்தியாசம் தனி.

ஆயாம்மா அழவில்லை. "பன்னெண்டாவது மாடியில எனக்கு வீடு இருக்குதுன்னு சொல்லு," என்றாள். "வா, பாத்துட்டு வருவோம்."

இப்போது எதற்கு என்று அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவள் கேட்கவில்லை. மத்தியான வெயிலில் இருவரும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, சாமான் ஏற்றும் கூண்டில் நின்று மேலே போனார்கள். மேஸ்திரி கூண்டை நிறுத்தி வழிகாட்டினார். அவருக்கும் நோட்டீஸ் வந்திருந்தது, பதினொன்றாவது மாடிக்கு. பன்னிரண்டாவது மாடியில் சுவர் எழும்பவில்லை. தூண்களும் தளமும், சுவர் வரவேண்டிய இடத்தில் தரையில் இழுத்த நீலக் கோடுகளும்தான். காற்று சிமெண்டுத் தூளை வாரி அடித்தது.

ஆயாம்மா கோட்டுக்குள் நுழைந்தாள். வாசல் எங்கே என்று கேட்டு, அந்த வழியாகத் திரும்ப வந்தாள். அடுப்படி எங்கே, படுக்கிற அறை எங்கே, இது என்ன குறுகலாக என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அது துணி காயப்போடும் இடம் என்று மேஸ்திரி சொன்னார். அவள் அங்கே நின்று கீழே எட்டிப் பார்த்தாள். கீழே சாலை, அதற்கு அப்பால் அவள் இருக்கும் தகரக் கூரை வரிசை.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "என்னைப் பெத்தவங்க கனவுலகூட இதைப் பாத்திருக்க மாட்டாங்க. என் தலையில இதைக் கட்டுறதுக்கு அந்த ஆளுக்கு எப்படிக் கை வந்துச்சு? தினமும் அவன் எச்சிக் கப்பைக் கழுவுறவ நான்."

அதைக் கேட்டபோது அக்காவுக்கு உள்ளே ஏதோ அறுந்தது. பதினைந்து மாதமாக அடக்கி அடக்கி வைத்த கோபம். முதலாளி மேல் மட்டுமில்லை. அன்றைக்குத் தான் முடியாது என்றே நின்றிருந்தால் பதினெட்டோடு கதை முடிந்திருக்கும், வங்கி கடன் தந்திருக்காது, இந்தக் கிழவியின் கழுத்தில் பன்னிரண்டாவது மாடி ஏறியிருக்காது. அந்தக் கணக்குத் தனக்குத் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டோம் என்பது நெஞ்சைச் சுட்டது.

கூண்டிலிருந்து இறங்கியவள் தலைக்கவசத்தைக் கழற்றாமலே முதலாளியின் அறைக்குள் நுழைந்தாள். மச்சானும் இருந்தான்.

"நோட்டீஸ் வந்திருக்கு சார். எல்லாருக்கும்."

தெரியும் என்று அவர் தலையாட்டினார். தன் வீடும் அடமானத்தில் இருக்கிறது, தனக்கும் தூக்கம் இல்லை என்றார். அது பொய்யில்லை. இரண்டு வருஷத்தில் அவர் பத்து வயது கூடித் தெரிந்தார். ஆனால் அவர் போடவைத்த கையெழுத்துகளால் லாபம் வந்திருந்தால் அது அவருக்கு வந்திருக்கும். ஆயாம்மாவுக்கு என்ன வந்திருக்கும் என்று அக்கா நினைத்தாள். மூன்று மாதம் பொறுத்தால் வக்கீலை வைத்துப் பத்தொன்பதையும் ரத்து செய்துவிடலாம், அதுவரை யாரும் வாயைத் திறக்கக்கூடாது, திறந்தால் எல்லோரும் உள்ளே போவோம், நீயும் சேர்த்து என்றான் மச்சான்.

"சரி. அதை எழுதிக் கொடுங்க," என்றாள் அக்கா. "இந்தப் பத்தொன்பதும் பொய், தவணை கம்பெனியோட பொறுப்புன்னு ஒரு வரி. நீங்க கையெழுத்துப் போடுங்க. எங்களுக்குச் சொன்னீங்களே, வெறும் காகிதம்னு."

முதலாளி மச்சானைப் பார்த்தார். மச்சான் போனைப் பார்த்தான். மேஜை மேல் பேனா இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

"அப்ப உங்களுக்கு மட்டும் அது காகிதம் இல்ல," என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள்.

வங்கி அதிகாரியிடம் போய் உள்ளதைச் சொல்வது என்று முடிவு செய்துவிட்டாள். ஆனால் அதற்கு முன்னால் தம்பியிடம் சொல்ல வேண்டியிருந்தது. விற்றது ஐம்பத்தொன்றுதான் என்று தெரிந்தால் வங்கி வேலையை நிறுத்தும். ஏழாவது மாடியும் நிற்கும்.

தம்பி அப்போதுதான் வேலை முடிந்து வந்து, சீருடைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான். அவள் முழுவதையும் சொல்லி முடித்தாள். அவன் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள்.

"ஆயாம்மாவுக்கு நோட்டீஸ் வந்ததும் உனக்கு ரத்தம் கொதிக்குது," என்றான். "எனக்கு ரெண்டு வருஷமா மாசாமாசம் வருது அக்கா. ஒண்ணாந் தேதி வாடகை. அஞ்சாந் தேதி வட்டி. இல்லாத வீட்டுக்கு வட்டி. ஓவர்டைம் பாத்துப் பாத்து என் இடுப்பு போச்சு. இன்னும் ஆறு மாடி. ஆறே மாடி. அதுக்குள்ள நீ போய் நிறுத்தப் போறே."

"அந்தப் பத்தொன்பது பேரும் தெருவுக்கு வந்துடுவாங்கடா."

"நான் வந்தா பரவாயில்லையா? நீ யாருக்கு அக்கா?"

அண்ணி பாவம், அவங்களும் என்ன செய்வாங்க என்று தம்பி மனைவி இடையில் புகுந்தாள். அவன் அவளையும் அடக்கினான். உனக்காகத்தானே அந்தக் கையெழுத்தைப் போட்டேன் என்று சொல்ல அக்காவின் நுனி நாக்குவரை வந்தது. சொன்னால் அதையும் அவன் தலையில் கட்டியதாகும். விழுங்கிக்கொண்டாள். செருப்பை மாட்டும்போது அவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

மறுநாள் மற்றப் பதினெட்டுப் பேரையும் போனில் கூப்பிட்டாள். டிரைவர் வேலை போய்விடும் என்றார். இரண்டு பேர் போனையே எடுக்கவில்லை. கடைசியில் அவளும் மேஸ்திரியும் ஆயாம்மாவும்தான் போனார்கள்.

வங்கி அதிகாரி ஒரு பெண். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தபடியே எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். அக்கா தன் கணினியிலிருந்து எடுத்த தாள்களை வரிசையாக அடுக்கினாள். முன்பணம் காலையில் எந்தக் கணக்கிலிருந்து வந்தது, சாயங்காலம் எந்தக் கணக்குக்குப் போனது, பத்தொன்பது வரி. ஐந்தில் ஒரு பங்கு குறைக்கச் சொன்ன பழைய அறிக்கையின் நகலும் இருந்தது. அதிகாரி அதை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

"உங்க கையெழுத்தும் இதுல இருக்கே," என்றாள்.

"இருக்கு மேடம்."

"தெரிஞ்சே வங்கிக்கு மாசாமாசம் அறிக்கை கொடுத்திருக்கீங்க. லைசென்ஸ் போகும். கேஸும் வரலாம்."

"வரட்டும். ஆனா ஒண்ணு கேக்கணும்," என்றாள் அக்கா. ஆயாம்மாவைக் கையால் காட்டினாள். "கூட்டித் துடைக்கிற ஒருத்தங்க பன்னெண்டாவது மாடியில மூணு ரூம் வீடு வாங்கியிருக்காங்கன்னு காகிதம் வந்தப்ப, உங்க வங்கியில ஒருத்தருக்குக்கூடச் சந்தேகம் வரலையா? சம்பளச் சீட்டு கேக்கலையா? என் தம்பிகிட்ட மூணு வருஷத்துச் சீட்டு கேட்டீங்களே."

அதிகாரி கைக்குட்டையை மடித்தாள். அது வேறு பிரிவு என்றாள். ஆயாம்மா சத்தமாகச் சிரித்தாள். அந்த அறையில் அவள் செய்தது அது ஒன்றுதான்.

பத்தொன்பது நோட்டீஸும் ஒன்றரை மாதத்தில் திரும்பப் பெறப்பட்டன. டிரைவருடையதும், போனை எடுக்காதவர்களுடையதும் சேர்த்து. அக்காவின் லைசென்ஸ் மூன்று வருஷத்துக்குப் பறிபோனது. வழக்கில் அவளைச் சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். முதலாளியின் வீடு ஏலத்துக்குப் போனது. வழக்கு வாய்தா வாங்கிக்கொண்டே நடக்கிறது. மச்சான் எதிலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. இப்போது வேறொரு கம்பெனியில் வீடு விற்கிறான்.

கட்டடம் எட்டு மாதம் அப்படியே நின்றது. கம்பிகள் துருப்பிடித்து மழையில் செந்நீர் வடிந்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு பெரிய முதலீட்டு நிறுவனம் வந்து, மீதி நாற்பத்தொன்பது வீடுகளையும் மொத்தமாக மூன்றில் ஒரு பங்கு விலை குறைத்து வாங்கிக்கொண்டது. ஐந்தில் ஒன்றைக் குறைக்க மாட்டோம் என்றவர்களின் கட்டடம் அது. வாங்கிய வீடுகளை அந்த நிறுவனம் விற்கவில்லை, வாடகைக்கு விட்டது. ஐம்பத்தொரு பேர் மட்டும் பழைய விலையையே கட்டினார்கள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே.

தம்பி குடிபோனதை அக்கா அடுத்தவர் வாயால்தான் கேட்டாள். அவன் அவளோடு பேசி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவள் குளியலறைக்கு ஓடு மாற்றுபவர்களுக்கும் கடைக்கு அலமாரி அடிப்பவர்களுக்கும் அளவெடுத்துக் கொடுத்துப் பிழைத்தாள். கோபம் தணியவே இல்லை. வேலைக்குப் போகும் வழியில் அந்தக் கட்டடம் கண்ணில் பட்டால் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

ஒரு சனிக்கிழமை தம்பி மனைவி போன் செய்தாள். குளியலறைச் சுவர் ஊறுகிறது, பிள்ளைகளின் படுக்கை வரைக்கும் ஈரம், கட்டட அலுவலகத்தில் கேட்டால் நீங்கள் தண்ணீரை அதிகமாகப் புழங்குகிறீர்கள் என்கிறார்கள், கொஞ்சம் வந்து பாருங்கள் அண்ணி என்றாள். அவனுக்குத் தெரியுமா என்று அக்கா கேட்டாள். அவர்தான் கூப்பிடச் சொன்னார் என்று பதில் வந்தது.

கதவைத் திறந்தவன் தம்பி. ஒதுங்கி வழிவிட்டான். பெரியவள் ஒரு மேஜையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அக்கா குளியலறைக்குள் போய்ச் சுத்தியலின் கைப்பிடியால் ஓடுகளைத் தட்டிக்கொண்டே வந்தாள். பாதி ஓடு பொக்கென்று சத்தம் போட்டது. மூலையில் ஒன்றைப் பெயர்த்துப் பார்த்தாள். தண்ணீர் கசியாமலிருக்கப் பூச வேண்டிய பூச்சு மூன்று அடுக்கு, அவள் எஸ்டிமேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தாள். ஒரு அடுக்குகூட இல்லை. வெறும் சிமெண்ட். வேலையை மறுபடி தொடங்கியவர்கள் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

அவள் பெயர்த்த ஓட்டைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கீழே இறங்கினாள். தம்பியும் பின்னாலேயே வந்தான். கட்டட அலுவலகத்தில் டை கட்டிய ஓர் ஆள் இருந்தான். குடியிருப்பவர் மட்டும்தான் புகார் கொடுக்கலாம், நீங்கள் யார் என்று அக்காவைக் கேட்டான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டான்.

"இவங்க என் அக்கா," என்றான். அவன் முகம் சிவந்திருந்தது. "இந்தக் கட்டடத்துல எத்தனை ஆணி அடிச்சிருக்குன்னு இவங்களுக்குத் தெரியும். இவங்க சொல்றதை எழுதுங்க. ஒரு வரி விடாம எழுதுங்க."

அக்கா உட்கார்ந்தாள். ஓட்டை மேஜையின் நடுவில் வைத்தாள். ஏழாவது மாடியிலிருந்து ஆரம்பித்தாள்.